மாட்டுக் கொட்டகைக்குப் புண்ணியார்ச்சனை

தனபாலுக்கு வாடகையைக் கூட்டிக் கேட்க வராது. கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கொடுக்காவிட்டால் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பான். ஆனால் ஒரு ஐந்நூறு சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. ஆறு வருடமாக இதே கதை. ஒவ்வொரு சித்திரையிலும் இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவான். போன இடத்தில் குழாய் சொட்டுகிறது என்பார்கள். வாஷர் வாங்க, பாலக்காட்டு எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரம் கடைவீதிக்கு ஓடுவான். வந்து மாட்டிக் கொடுத்து, அவர்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வீடு திரும்புவான். வாசலில் நிற்கும் அவன் மனைவி செல்வப்பிரியா, சொல்லியாச்சா என்று கேட்கமாட்டாள். வாஷர் எவ்வளவு என்றுதான் கேட்பாள்.

வாடகைக்கு விட்டிருப்பது மூன்று வீடுகள். வீடுகள் என்று சொல்லத் தனபாலே கொஞ்சம் யோசிப்பான். ஒரு காலத்தில் அது ஒன்பது கறவை மாடுகள் நின்ற கொட்டகை. தவிடும் புண்ணாக்கும் விலை ஏறிக்கொண்டே போக, பாலுக்குக் கிடைத்த காசு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. தான் மாடுகளை வளர்க்கிறோமா, மாட்டுத் தீவனக் கடைக்காரனை வளர்க்கிறோமா என்று சந்தேகம் வந்த ஒரு நாளில் ஒன்பதையும் விற்றான். அந்தப் பணத்தில் குறுக்கே இரண்டு சுவர் எழுப்பி, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, பின்பக்கம் குளியலறை கட்டி, மூன்று கதவு வைத்தான். அன்றோடு அவன் வீட்டு ஓனர் ஆகிவிட்டான்.

பஞ்சாயத்துக்கு மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லப் போன அன்றைக்கு அலுவலகத்தில் கூட்டமாக இருந்தது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினான். அந்த அடுத்த வாரம் ஆறு வருடமாக வரவே இல்லை. ஆகவே பஞ்சாயத்துப் பதிவேட்டில் அது இன்றைக்கும் மாட்டுக் கொட்டகை. கொட்டகைக்கு வரியும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது.

முதல் வீட்டில் மருதாத்தாள் இருந்தாள். பால் சொசைட்டியில் பால் அளக்கிற வேலை, ஐம்பது வயது, தனி ஆள், வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். நடு வீட்டில் வேதமுத்துவும் அவர் மனைவி சந்தனமேரியும். மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வேலை போனால் லயம் என்கிற கம்பெனி வரிசை வீடும் போய்விடும் என்பதால், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மலையிறங்கி வந்தவர்கள். மூன்றாவது வீடு நான்கு மாதமாகக் காலி. பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஃபேனைப் போட்டுப் பார்ப்பார்கள், கதவு எண் என்ன என்று கேட்பார்கள், போய்விடுவார்கள்.

இந்த நிலையில்தான் ஊரில் உள்ள கட்டிடங்களை எல்லாம் பஞ்சாயத்து புதிதாக அளக்கப் போகிறது என்ற செய்தி டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. டீக்கடைக்கு வந்த செய்தி சும்மா இருக்குமா? காலையில் அது வெறும் வரியாக இருந்தது. பத்து மணிக்கு ஆறு வருடப் பழைய வரியும் சேர்ந்தது. மத்தியானத்துக்குள் அபராதம் சேர்ந்து, அனுமதி இல்லாமல் கட்டியதைச் சரிப்படுத்தத் தனிக் கட்டணம் என்று ஒன்று முளைத்து, சாயங்காலம் தனபால் டீ குடிக்கப் போனபோது ஜேசிபி வண்டியே கிளம்பிவிட்டது. எந்தப் பக்கமிருந்து இடிக்க ஆரம்பிப்பார்கள் என்பதில்தான் இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு.

தனபால் வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்வப்பிரியா பேனாவும் பழைய காலண்டர் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டு கட்டணம் கூடியிருக்கிறது, மோட்டாருக்கு இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று, பெயிண்ட் விலையைக் கேட்டால் சுவர் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது, இப்போது இந்த வரியும் வந்தால் வாடகை நாலாயிரம் ஆக்காமல் முடியாது என்று தாளின் அடியில் கோடு போட்டாள். இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஒரே தாவாக நாலாயிரம்.

"நீங்களே போயிச் சொல்லீட்டு வாங்க மாமா. வாசருக்குக் காசு நான் குடுக்கறேன்" என்றாள்.

தனபால் அந்தத் தாளை எடுத்து மறுபடி பார்த்தான். மருதாத்தாள் எப்படியும் சமாளித்துக்கொள்வாள். வேதமுத்துவால் முடியாது. பென்ஷன் என்று வருகிற அந்தச் சின்னத் தொகையில் மருந்து மாத்திரை போக வாடகை கொடுக்கிறவர். நாலாயிரம் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டை கட்டிவிடுவார், அதுதான் அவர் சுபாவம். ஐந்து வருடம் முன்னால் அந்த மனிதர் ஒரு டெம்போவிலிருந்து இரும்புக் கட்டிலையும் நாலு சாக்கு மூட்டையையும் இறக்கியதைத் தனபால் பார்த்திருக்கிறான். அந்த மூட்டைகள் மறுபடி டெம்போ ஏறுவதைப் பார்க்க அவனுக்கு மனசு இல்லை. அவரை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னான். வாடகையைச் சொல்லவில்லை, அளக்க வருகிறார்கள் என்பதை மட்டும் சொன்னான். மீதியை மருதாத்தாளே ஊகித்துக்கொண்டாள். சொசைட்டியில் தினமும் இருநூறு பேரிடம் பேசுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தண்ணீர் கலந்த பாலையே கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள்.

"கணக்குல கொட்டாய்னுதானுங்க தம்பி இருக்குது? அப்பறம் என்ன? அளக்க வர்ற அன்னிக்கு ஒரு நா அது கொட்டாயாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அதாவது, சாமான்களைத் தனபால் வீட்டு மச்சில் ஏற்றிவிடுவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாட்டைக் கட்டுவது, அளக்கிறவர் பார்த்துவிட்டுப் போனதும் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சோறு பொங்குவது. தனபாலுக்கு அப்படியே அவள் காலில் விழலாம் போலிருந்தது. சந்தனமேரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். வேதமுத்து மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, எந்த மாடு எந்த வீட்டுக்கு என்று கேட்டார்.

இரண்டு நாளில் தகவல் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு இந்தத் தெரு. தனபாலிடம் இப்போது பேருக்குக்கூட ஒரு மாடு இல்லை. தோட்டத்து அந்தப் பக்கம் இருக்கும் காளிச்சாமியிடம் பதினொன்று இருந்தன. காளிச்சாமி அவனுக்கு மாமன் முறை, நல்ல மனிதர், ஆனால் அவரிடம் சொன்னதை ஊர் முழுக்கச் சொல்வதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் இரவுக்குள் பஞ்சாயத்துக்கே போய்விடும். பொய் சொல்லலாம் என்றால் தனபாலுக்கு அதுவும் வராது. ஆகவே உண்மையில் பாதியைச் சொன்னான்.

"மாமா, நாளைக்கு விடியால மூணு மாடு வேணுமுங்க. ஊட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்தோணும்."

காளிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று எதற்கு என்றார். மூன்று வீடாயிற்றே என்றான் தனபால். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதோ வருத்தம் போலவும் தெரிந்தது.

"கன்னுக்குட்டியோட வேணுமா?"

கன்றும் நின்றால் கொட்டகை இன்னும் இயல்பாக இருக்குமே என்று தனபால் மகிழ்ந்துபோய், கன்று இருந்தால் ரொம்ப நல்லது என்றான். காளிச்சாமி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மறுநாள் விடிவதற்கு முன்னமே சாமான் ஏற்றுகிற வேலை ஆரம்பித்தது. முதல் சிக்கல் மருதாத்தாளால் வந்தது. யோசனை சொன்னது அவள்தான், ஆனால் சொன்னபோது இது ஆடி மாதம் என்பது அவள் நினைவில் இல்லை. ஆடியில் யாராவது வீட்டைக் காலி செய்வார்களா? ஒரு நாளைக்கென்றாலும் காலி காலிதான். கட்டிலைத் தூக்கு, பீரோவைத் தூக்கு, ஆனால் உப்பு ஜாடியும் அரிசிப் பானையும் விளக்கும் இருந்த இடத்தில் இருக்கும், அது இருந்தால் நான் குடியிருப்பதாகத்தான் அர்த்தம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரி, உப்பு ஜாடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனபால் விட்டுக்கொடுத்தான். அதைப் பார்த்துச் சந்தனமேரியும் தன் திருஇருதய ஆண்டவர் படத்தை இறக்கமாட்டேன் என்றாள். அதையும் விட்டுக்கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் ஒரு சதித்திட்டத்துக்குத் தலைமை தாங்கினால் அப்படித்தான்.

ஆறு மணிக்குக் காளிச்சாமியின் ஆள் மூன்று மாடுகளையும் ஒரு கன்றையும் ஓட்டி வந்து விட்டுவிட்டுப் போனான். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார். அப்போதாவது தனபாலுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. முதல் மாட்டை அவன் மருதாத்தாள் வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனான். மாடு முன்னங்காலைத் தூக்கியதும் மருதாத்தாள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"இருங்க தம்பி. நெலவுப்படி தாண்டி மாடு உள்ள வருது. சும்மா எப்பிடிங்க உடறது?"

அவள் முகத்தைப் பார்த்ததும் தனபால் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து மருதாத்தாள் ஏழு வாடகை வீடு பார்த்தவள். ஏழிலும் பால் காய்ச்சினாள், ஏழிலும் ஓனர் சொன்ன இடத்தில் ஆணி அடித்தாள். மாடு வீட்டுக்குள் வருவது சொந்த வீடு கட்டியவர்களுக்கு நடக்கிற விஷயம், தனக்கு அது இல்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தாள். இன்றைக்கு அது வாசலில் நின்று மூச்சு விடுகிறது. அவள் உள்ளே ஓடி மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து மாட்டின் நெற்றியில் வைத்தாள். வைத்த பிறகு கோலம் இல்லாமல் எப்படி என்று கோலம் போட்டாள். கோலம் போட்ட வாசலுக்கு மாவிலை வேண்டாமா? அதற்கு வேதமுத்துவையே வேலியோரத்து மாமரத்துக்கு அனுப்பினாள். மூன்று வாசலிலும் தோரணம் ஏறியது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பில் பால் பொங்கியது. நடு வீட்டுக்குள் பசுவும் கன்றும் நுழைந்தபோது சந்தனமேரி, நம்ம பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்து இரண்டின் மேலும் தெளித்தாள். கன்று தும்மியது.

கொட்டகை கொட்டகையாகத் தெரிய வேண்டுமே என்ற ஞாபகம் தனபாலுக்கு வந்தது. சொல்லவும் வாயெடுத்தான். மருதாத்தாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாட்டைக் கட்டப் போய்விட்டான். அது ஒரு பெரிய ஜெர்சி. காலியாக இருந்த வீட்டின் வழவழத் தரையில் நாலு காலும் நாலு பக்கம் போக, இரண்டு டைல்ஸை உடைத்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தது. பயந்துபோன மாட்டைச் சமாதானப்படுத்த அவன் ஃபேனைப் போட்டான். அதுதான் அன்று அவன் செய்த பெரிய தவறு. மாடு கண்ணை மூடிக்கொண்டு அசை போட ஆரம்பித்தது.

எட்டரை மணிக்குக் காளிச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம். பின்னால் அவர் வீட்டம்மா தட்டில் தேங்காய் பழத்தோடு. அவர்களுக்குப் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது.

தனபாலுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவன் வந்து, விடியற்காலையில் வீட்டுக்குள் நிறுத்த மாடு வேண்டும், கன்று இருந்தால் நல்லது என்று கேட்டால், கிழக்குப் பாலக்காட்டில் எவனும் அதற்கு வேறு அர்த்தம் எடுக்கமாட்டான். அது புண்ணியார்ச்சனை, புதுவீடு புகுகிற விசேஷம். ஆறு வருடம் முன்னால் சொல்லாமல் குடிவைத்துவிட்டான், இப்போது மனசு கேட்காமல் முறையாகச் செய்கிறான் என்று காளிச்சாமி முடிவு கட்டி, முந்தின இரவே நாற்பது வீட்டுக்கும் சொல்லிவிட்டார். முறைப்படி அழைக்கவில்லை என்ற வருத்தத்தோடும் வந்தார்கள். ஆடி மாதத்தில் எவனாவது புண்ணியார்ச்சனை வைப்பானா, அதை நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று, வழக்கமாக எதற்கும் வராதவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் மாவிலையைப் பார்த்தார்கள், குங்குமம் வைத்த மாட்டைப் பார்த்தார்கள், பொங்கிய பாலைப் பார்த்தார்கள். எவருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை.

செல்வப்பிரியா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வாஷர் எல்லாம் எம்மாத்திரம். பிறகு உள்ளே போய் மூன்று கிலோ ரவையை எடுத்துக் கேசரி கிண்ட ஆரம்பித்தாள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா?

சரியாகப் பத்து மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியது முப்பது வயதுக்குள் ஒரு பெண், தோளில் பை, கையில் அளக்கும் டேப்பும் போனும். பஞ்சாயத்துக்காக அளவெடுக்க வந்திருக்கும் ஜோமோள். அவள் வாய் திறப்பதற்குள் காளிச்சாமி முன்னால் போய்ச் சந்தனம் கொடுத்து, கற்கண்டு கொடுத்து, நேரத்துக்கு வந்துவிட்டாய் அம்மிணி, கேசரி இறக்கியாகிவிட்டது என்று உட்கார வைத்தார். ஜோமோள் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள், கட்டிடத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு ஓனர் யார் என்று கேட்டாள். தனபால் முன்னால் வந்தான். இது என்ன கட்டிடம் என்றாள்.

"மாட்டுக் கொட்டாய்ங்க" என்றான் தனபால். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

காளிச்சாமிக்குக் கேட்டுவிட்டது. டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஊரையே கூட்டிப் பால் காய்ச்சிவிட்டு இதைக் கொட்டகை என்கிறாயே, உனக்கு எப்போதும் இந்தத் தன்னடக்கம்தான் என்று அவன் முதுகில் தட்டினார்.

ஜோமோள் உள்ளே போனாள். தனபால் பின்னாலேயே போனான். அவனுக்குப் பின்னால் இடம் கிடைத்த அளவுக்கு ஊர். முதல் வீட்டில் மாடு அரிசிப் பானைக்குள் முகத்தை விட்டிருந்தது. நடு வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பசுவும் கன்றும் அமைதியாக நின்றன. ஜோமோள் படத்தைப் பார்த்தாள், பசுவைப் பார்த்தாள். அவள் பேசியது மலைப்பக்கத்துத் தமிழ்.

"இந்த மாடு எந்தச் சர்ச் பங்கைச் சேந்ததுண்ணே?"

தனபால் அவளை அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போனான். மூன்றாவது வீட்டில் ஜெர்சி ஃபேனுக்கு நேர் கீழே கண்ணை மூடிப் படுத்திருந்தது. ஃபேன் எதற்கு என்றாள். சினை மாடு என்றான். மாட்டுக்குக் குளியலறையில் கண்ணாடி எதற்கு என்று அடுத்துக் கேட்டாள். அவன் கண்ணாடி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு அப்படியே வாசல் வரைக்கும் பரவியது. என்ன விஷயம் என்று தெரியாதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஜோமோள் வாசலுக்கு வந்து போனைத் திறந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது போல்தான் இருந்தது, ஆனால் வேலை வேலைதான்.

"நான் ஒண்ணு கேட்டுப் பதிவு பண்ணணும். இங்க ஆள் யாரும் குடியிருக்காங்களா?"

தனபால் மருதாத்தாளைப் பார்த்தான். நாலு பேருக்குக் காணும் அந்த வாய் மூடியிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை மாடு, இத்தனை கேசரி.

"நான் இருக்கேன்மா" என்றார் வேதமுத்து.

அவர் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தார். கையில் இன்னும் ஒரு கொத்து மாவிலை இருந்தது.

"நானும் எம் பொஞ்சாதியும். அஞ்சு வருசமா இந்த நடு வீட்டுலதான் இருக்கோம். எஸ்டேட்டுல இருக்கும்போது பதினாறாம் நம்பர் லயம்னு போட்டா எனக்குக் கடுதாசி வரும். இங்க ரேசன் கார்டுக்குப் போனேன், வீட்டு நம்பர் கேக்காங்க. ஆஸ்பத்திரி அட்டைக்குப் போனேன், வீட்டு நம்பர் கேக்காங்க. மாட்டுக் கொட்டகைன்னா நான் எழுதிக் குடுக்க முடியும்?"

தனபாலுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஐந்து வருடமாக இந்த மனிதர் கடையில் விலை கொடுத்து அரிசி வாங்கியிருக்கிறார். அவரிடம் போய் வாடகை ஏற்றக் கூச்சப்பட்டுக்கொண்டு, தான் எவ்வளவு நல்லவன் என்று தனபால் மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறான். வெட்கமாக இருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே அண்ணா."

வேதமுத்து மாவிலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் ஒங்களக் கூப்பிடுவேன் மொதலாளி. நீங்க வாசரும் கையுமா ஓடி வந்து நிப்பீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா கேக்க வராது. கொழாய் சொட்டுதுன்னு சொல்லிருவேன்."

தனபால் மாட்டிக் கொடுத்த வாஷர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். அப்படியானால் ஐந்து வருடமாக அந்தக் குழாய் பாதி நாள் சொட்டவே இல்லை. அவனுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்து, கடைசியில் சிரிப்பு ஜெயித்தது. வேதமுத்துவும் சிரித்தார். ஜோமோள் பக்கம் திரும்பித் தனபால், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மூணு ஊடுங்க அம்மிணி. அப்பிடியே எழுதிக்குங்க. வர்றது வரட்டும்."

அதன் பிறகு அளப்பது திருவிழாவாக நடந்தது. டேப்பின் ஒரு முனையைக் காளிச்சாமி பிடித்தார், மறு முனைக்கு எட்டுப் பேர் போட்டி போட்டார்கள். ஜெர்சி எழுந்திருக்க மறுத்ததால் அதைச் சுற்றி அளந்தார்கள். ஜோமோள் நீள அகலத்தைப் பதிந்துகொண்டு, என்ன வரும் என்று தோராயமாகச் சொன்னாள். பழையதும் அபராதமும் சேர்ந்து வலிக்கத்தான் செய்யும், எழுதிக் கொடுத்தால் தவணையாகக் கட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வருடா வருடம் வருகிற வரி டீக்கடை சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜேசிபி என்ற பேச்சே அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. செல்வப்பிரியா கேசரிக் கரண்டியோடு நின்று மனக்கணக்குப் போட்டாள். உடைந்த டைல்ஸும் மூன்று கிலோ ரவையும் முந்திரியும் நெய்யும் சேர்த்தால், ஒரு வருட வரியைவிடக் கொட்டகை வேஷத்துக்குத்தான் அதிகம் செலவாகியிருந்தது.

இருந்தாலும் வாடகை ஏறாமல் தீராது. கரண்டும் மோட்டாரும் பெயிண்டும் பொய் இல்லையே. கூட்டம் கேசரிக்குப் போனதும் செல்வப்பிரியா கணவனைக் கண்ணால் தள்ளினாள். தனபால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேதமுத்துவிடமும் மருதாத்தாளிடமும் போனான். தொண்டையைச் செருமினான்.

"கொழாய் ஏதாச்சும் சொட்டுதுங்களா?" என்றான்.

மருதாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சொட்டல தம்பி. மூவாயிரம்னு சொல்லித் தொலைங்க. எத்தன வருசந்தான் நாங்களும் காத்துட்டே இருக்கறது?"

மூவாயிரம் என்று தனபால் சொன்னான். வானம் இடிந்து விழவில்லை. வேதமுத்து, வாடகைப் பத்திரம் எழுதி அதில் கதவு எண் போட்டுக் கொடுத்தால் சரி என்றார். ரேஷன் அரிசி வாங்க ஆரம்பித்தால் அந்த ஐந்நூறு தனக்கு அங்கேயே திரும்பக் கிடைத்துவிடும் என்று அவர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஜோமோள் கேசரித் தட்டோடு இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவளும் வீடு தேடுகிறாள். வரி கூடப் போகிறது என்று கேள்விப்பட்ட ஓனர்கள் அளப்பதற்கு முன்னமே வாடகையை ஏற்றிவிட்டார்கள். அளக்கிறவளுக்கே அந்த வாடகை கட்டுபடியாகவில்லை. அந்தக் கடைசி வீடு காலியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

தனபால் எட்டிப் பார்த்தான். ஜெர்சி கண்ணைத் திறந்து அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"இப்போதைக்கு மாடு இருக்குதுங்க அம்மிணி" என்றான்.

மாடு மறுநாள் மத்தியானம் கரண்டு போன பிறகுதான் காலி செய்தது.

ஆவணி முடிவதற்குள் பஞ்சாயத்திலிருந்து எண் வந்தது. மூன்று கதவிலும் கறுப்புப் பெயிண்டால் எழுதினார்கள். புண்ணியார்ச்சனைக்கு மொய்யாக வந்து, கதவுக்கு ஒன்றாக மாட்டிய மூன்று கடிகாரங்களும் மூன்று வெவ்வேறு நேரம் காட்டின. வேதமுத்து பத்திரத்தைக் கொடுத்து ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டார். அதற்கு நாளாகும். அதற்கு முன்னால் அந்தக் கதவைத் தேடி வந்தது வேறொன்று. மாதாமாதம் வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை வாங்க வரும் பச்சைக் கோட்டுப் பெண்கள், எண் ஏறிய புது வீடுகளுக்கு அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். குப்பையைக் கொடுத்து அதற்குக் காசும் கொடுக்க வேண்டும் என்பது தெருவில் ஒருவருக்கும் பிடிக்காத விஷயம். அந்தப் பெண்களைக் கண்டால் காளிச்சாமி வீட்டில் இல்லை என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

தனபால் அன்று நிஜமாகவே சொட்டிய ஒரு குழாயைப் பார்க்க வந்திருந்தான். அந்தப் பெண் அட்டையைப் பார்த்து, வேதமுத்து, வீட்டு எண் ஏழின் கீழ் நானூற்றுப் பன்னிரண்டு பி, ஐம்பது ரூபாய் என்று வாசித்தாள். வேதமுத்து இடுப்பிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அவளிடமே நீட்டினார்.

"இன்னொரு தடவ வாசிம்மா. வீட்டுக்காரிக்குக் காது கேக்கல" என்றார்.

சந்தனமேரிக்குக் காது நன்றாகவே கேட்கும். அவளும் உள்ளேயிருந்து, ஆமா, கேக்கல, கொஞ்சம் சத்தமா வாசி என்றாள்.